ஸ்டூலைத் திருப்பிப் பார்த்த பையன்

பையனை அடுத்து என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டு, போன சனிக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் 22 வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கம்பெனியை மூடிவிட்டார்கள். செட்டில்மென்ட் பணம் பேங்கில் கிடக்கிறது. பையன் பத்தாவது முடித்திருக்கிறான். அம்மாதான் பேசினார், அப்பா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை அந்த அம்மாவுக்கே எழுதுகிறேன்.

அம்மா, அன்றைக்கு "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் அண்ணன் சொல்கிறபடி செய்தால் சரியாகாது. ஐஐடி கோச்சிங்கோடு சேர்ந்த பிளஸ் ஒன், இரண்டு வருடத்துக்கு நாலரை லட்சம், அதுவும் செட்டில்மென்ட் பணத்திலிருந்து. ஐஐடிக்கு முதல் கட்ட நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதப் பதிவு செய்கிறவர்கள் வருடத்துக்கு 12 லட்சத்துக்கும் மேல். ஐஐடிகளில் மொத்த இடம் 18 ஆயிரத்தைச் சுற்றித்தான். அந்தக் கூட்டத்தில் முட்டி மோத ஆசைப்படுகிற பிள்ளையாக இருந்தால்கூட யோசிக்கலாம். உங்கள் பையனிடம் கேட்டேன். "மாமா சொல்றாரு சார்" என்றான். அவன் ஆசை என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

அந்த நாலரை லட்சத்தைத் தொடாதீர்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை அதுதான் உங்கள் வீட்டு வாடகையும் அரிசியும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது பையன் என்ன செய்தான் தெரியுமா? உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பிவிட்டான். அடியில் நட்ட நடுவே இருந்த சின்ன மொட்டைத் தடவிப் பார்த்து, "இது ஏன் சார் எல்லா ஸ்டூல்லயும் இருக்கு?" என்று கேட்டான். நீங்கள் அதட்டி உட்காரவைத்தீர்கள். நல்ல கேள்வி அம்மா அது. உருகின பிளாஸ்டிக், மோல்டு என்கிற இரும்பு அச்சுக்குள் நுழைந்த வாசல்தான் அந்த மொட்டு, கேட் என்பார்கள். ஓரத்தில் மயிரிழை மாதிரி ஓடும் கோடு, மோல்டின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். வட்ட வட்டத் தழும்புகள் இருந்தால், ஆறின பொருளை வெளியே தள்ளிவிட்ட எஜெக்டர் பின்களின் வேலை.

அந்த மோல்டு செய்வதையே ஒரு படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள், உங்கள் ஊரிலிருந்து ஒரே ரயிலில் போகிற தூரத்தில். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் சிப்பெட், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம். 1968இல் தொடங்கியது. சென்னைக்காரர்களே பாதிப் பேர் அதன் வாசலைத் தாண்டிப் போயிருப்பார்கள், என்னவென்று கேட்டிருக்க மாட்டார்கள். பத்தாவது முடித்தவர்களுக்கு மூன்று வருட டிப்ளமா இரண்டு உண்டு. பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி என்பது பொருளின் குணம், உற்பத்தி, பரிசோதனை. பிளாஸ்டிக்ஸ் மோல்டு டெக்னாலஜி என்பது டிராயிங், இரும்பு, மெஷின். உங்கள் பையனுக்கு இரண்டாவதுதான்.

லேத், மில்லிங், கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பை வெட்டும் சிஎன்சி என்று கைபழகுவான். ஈடிஎம் என்று ஒரு மெஷின், மின்பொறியாலேயே இரும்பை அரித்துக் குடையும். நுணுக்கம் எங்கே என்றால், டப்பா, மூடி செய்கிற பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். 100 மில்லிமீட்டர் மூடி வேண்டுமென்றால் மோல்டை ஒன்றரை மில்லிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் மூடி டப்பாவில் உட்காராது. மோல்டை ஆறவைக்கத் தண்ணீர் ஓடும் துளைகளைத் தப்பான இடத்தில் போட்டால் ஒரு பக்கம் சீக்கிரம் ஆறி, பொருள் கோணிக்கொள்ளும். கணக்கு வேண்டாம் என்று இங்கே ஓடி வரவும் முடியாது. முதல் வருடமே கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் உண்டு.

சேர நுழைவுத் தேர்வு உண்டு, விண்ணப்பம் ஆன்லைனில். கட்டணத்தை மட்டும் செமஸ்டர் கணக்கில் கேட்காதீர்கள். மூன்று வருடத்துக்கும் சேர்த்து, பரீட்சைக் கட்டணம் உட்பட எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டிப்ளமா முடித்த பிறகு மேலே படிக்க ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். கதவு ஒன்றும் மூடிவிடாது. ஆரம்பச் சம்பளம் சுமார்தான். ஷிப்ட் இருக்கும், நிற்க வேண்டியிருக்கும். இதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கிளம்பும்போது ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "நான் ஸ்பேனர் பிடிச்சது போதும் சார், அவனாவது ஏசியில உக்காரட்டும்." அந்த வலி புரிகிறது. ஆனால் ஐயா, மூடியது ஒரு கம்பெனி. நீங்கள் கற்ற தொழிலை யாரும் மூடவில்லை. மின்சாரக் காரில் பிஸ்டன் இருக்காது, சைலன்சர் இருக்காது. பம்பரும் டேஷ்போர்டும் இருக்கும், இரண்டுக்கும் மோல்டு வேண்டும். கார் வேலை போனாலும் ஊசி சிரிஞ்சுக்கும், சுவிட்ச் பெட்டிக்கும், தண்ணீர் பாட்டில் மூடிக்கும் மோல்டு வேண்டும். ஒரு ஆலையையே நம்பி நிற்காத கை வேண்டும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்புறம், நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவியைப் பார்க்கத் தெரிந்த அப்பா வீட்டிலேயே இருப்பது எத்தனை பையன்களுக்குக் கிடைக்கும்?

இந்த வாரம் ஒரு நாள் மூவரும் கிண்டிக்குப் போய்வாருங்கள். பட்டறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அவன் அங்கே கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். ஒன்றுமே கேட்காமல் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தால் என்னிடம் திரும்ப வாருங்கள், வேறு யோசிப்போம்.

உங்கள் அண்ணன் நம்பரை அனுப்புங்கள். அவரிடம் நானே பேசுகிறேன், சாயங்காலம் 6 மணிக்கு மேல்.