கலரை எடுத்துவிட்டால் தெருப்படம் கலைப்படம் ஆகிவிடுமா?

"சென்னைத் தெருக்களைக் கருப்பு வெள்ளையில் புகைப்படம் எடுப்பது வெறும் பாவனைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தையோ பார்த்து எரிச்சலாகியிருப்பீர்கள். எரிச்சல் நியாயம்தான், சுமாரான படத்தை அப்படி ஒப்பேற்றுகிறவர்கள் நிறைய. ஆனால் எல்லோரையும் அதில் சேர்க்காதீர்கள்.

நான் எடுப்பது பெரும்பாலும் பாரிமுனைப் பக்கம், தங்கசாலைத் தெருவும் அதன் சந்துகளும். கடைக்குக் கடை நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். உச்சி வெயில் அதன் வழியாக இறங்கினால் கீழே நிற்பவர் முகம், சட்டை, கையிலிருக்கும் டீ எல்லாம் நீலம்தான். ஒருநாள் அப்படித்தான், மூட்டை இறக்கிவிட்டு ஒரு பெரியவர் மீன்பாடி வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேமராவைக் காட்டிக் கேட்டேன். "எடுத்துக்கோ தம்பி, பேப்பர்ல வருமா?" என்றார். வராது என்றதும் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் எடுத்தேன்.

கலரில் அந்தப் படம் தேறாது. முகம் பாதி நீலம். பின்னால் ஒரு காதுகுத்து விழா பிளெக்ஸ், அடிக்கும் பிங்க் நிறத்தில். கண் நேராக அங்கேதான் போகிறது. ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் மொத்த நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை, மாற்றினால் போச்சு என்பீர்கள். முகத்தைச் சரிசெய்தால் வெயில் விழுந்த தோள் ஆரஞ்சாகிவிடும், வேண்டுமானால் செய்து பாருங்கள். கருப்பு வெள்ளையில் பிளெக்ஸ் சாம்பலாக அடங்கிவிட்டது. நெற்றிச் சுருக்கம், வியர்வை, அந்தச் சிரிப்பு முன்னே வந்தன. இத்தனைக்கும் கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா ஃபைலில் கலர் பத்திரமாக இருக்கிறது. கேமராத் திரையை மட்டும் கருப்பு வெள்ளையில் வைத்து, வெளிச்சம் விழும் இடத்துக்கு ஒளி அளவு பார்த்து எடுப்பேன். நிழல் இருண்டால் இருளட்டும்.

புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர். தெரியும், கமெண்டில் வந்து சொல்ல வேண்டாம். கோயம்பேடு பூ மார்க்கெட்டை நானும் கலரில்தான் எடுப்பேன்.

இன்னொன்று. கருப்பு வெள்ளையாக மாற்றும்போது மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் நம்ம ஊர்த் தோல் வெளுத்துவிடும். நான் அதைத் தொடுவதே இல்லை. முன்பு வேலை பார்த்த கல்யாண ஸ்டுடியோவில் தோலை வெளுப்பதுதான் முக்கால்வாசி வேலை. பெண் வீட்டார் கேட்கக்கூட மாட்டார்கள், முதலாளியே செய்யச் சொல்வார். ஆல்பம் வாங்க வந்த ஒரு பெண் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது யாரு?" என்று கேட்டார். முதலாளி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அவர் எனக்குத் தர வேண்டிய கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.