தெமியார் நண்பரைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார். இருபது வருடப் பழக்கமுள்ள தெமியார் (பூர்வக்குடி இனம்) நண்பருக்கு அரிசி மூட்டை கொடுத்து, அவர் வேட்டையாடிய முள்ளம்பன்றி இறைச்சியை வாங்கி வந்திருக்கிறார். வழியில் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அதிகாரிகள் நிறுத்தி இறைச்சியையும் காரையும் பறிமுதல் செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் போட்டுக்கொடுத்தாராம். ஊரில் யார்தான் சாப்பிடவில்லையாம். நண்பர் சாட்சி சொல்லத் தயார், அடுத்த வாரம் வாக்குமூலத்துக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா.

போட்டுக்கொடுத்தவர் யாராக இருந்தால் என்ன? பார்க்க வேண்டியது அந்த அரிசி மூட்டையைத்தான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, ஆறாவது அட்டவணையில் உள்ள விலங்குகளைத் தனக்கும் தன் குடும்பத்துக்கும் உணவாக வேட்டையாட பூர்வக்குடிக்கு அனுமதி தருகிறது. விற்கவோ வேறு பொருளுக்கு மாற்றிக்கொள்ளவோ கூடாது. அரிசிக்கு இறைச்சி என்பது அப்பட்டமான பண்டமாற்று. உங்களைக் காப்பாற்ற வந்து அவர் "ஆமாம், அரிசி வாங்கிக்கொண்டேன்" என்றால், தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சாட்சியாக வந்தவர் பிரதிவாதியாகத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளவில்லை.

"சும்மா கொடுத்தார் என்று சொல்லிவிடலாமே?" முதலாவது, அது பொய். இரண்டாவது, அதனால் உங்களுக்குப் பயனே இல்லை. அவருடைய அனுமதி இறைச்சியோடு உங்கள் காருக்கு வந்துவிடாது. முள்ளம்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தது நீங்கள். போதாததற்கு, "அண்ணே, அரிசி வந்தது" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும். அதை அழிக்கவும் வேண்டாம், அது இன்னொரு தலைவலி. வீட்டுக் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தால், யாருக்கும் கொடுக்காமல் முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

வாக்குமூலத்துக்கு வழக்கறிஞரோடு போங்கள். நண்பரை அதிகாரிகளே அழைத்தால் அவர் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அவருக்குத் தனி வழக்கறிஞர், உங்களுடையவர் அல்ல.

போராட இதில் பெரிதாக ஒன்றுமில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனைகள் கடுமையாகிவிட்டன. கம்பவுண்ட், அதாவது நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கும் அபராதம், கொடுக்க அதிகாரிகள் முன்வந்தால் ரோஷம் பார்க்காமல் கட்டிவிடுங்கள். வழக்கு நீதிமன்றம் போனால், முதல் குற்றம், சொந்தச் சாப்பாட்டுக்கு என்று காட்டித் தண்டனையைக் குறைக்கத்தான் பேச வேண்டும். கார் இன்னும் வங்கிக் கடனில் இருந்தால் வங்கிக்கும் இன்றே எழுதித் தெரிவியுங்கள்.