கேளுங்கள்: பாட்டு மண்டைக்குள் கேட்காமல் இருக்க...

கேள்வி: ஸ்பீக்கரில் பாடகர் எதிரே நின்று பாடுகிறார். அதே பாட்டை ஹெட்போனில் போட்டால் மண்டைக்குள் பாடுகிறார். ஸ்பீக்கர் மாதிரியே கேட்கும் ஹெட்போன் இருக்கிறதா?

பதில்: அச்சு அசலாக அப்படி ஒன்று கிடையாது, கிட்டே வருபவை உண்டு. இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதோடு நிற்பதில்லை, தலையைச் சுற்றி வலது காதுக்கும் போகிறது. ஸ்பீக்கர் 30 டிகிரி பக்கவாட்டில் இருந்தால் சுமார் 0.26 மில்லிசெகண்ட் தாமதம். தலை குறுக்கே நிற்பதால் கீச்சு ஒலிகள் மங்கியும் போகும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி வேறு, காது மடலின் மடிப்புகள் செய்யும் மாற்றம் வேறு. மூளை திசையையும் தூரத்தையும் கணிப்பது இவற்றை வைத்துத்தான். ஹெட்போனில் இவற்றில் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது.

ஆகவே காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடாமல் திறந்திருக்கும் ஓபன் பேக் வகையைப் பாருங்கள். அதிலும் டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், காதுக்கு நேராக இல்லாமல் சற்று முன்னால் தள்ளி, சாய்வாக அமைந்திருந்தால் காது மடலுக்கும் வேலை கிடைக்கும். சென்ஹைசர் எச்டி 800 அந்த ரகம். ஏகேஜி கே1000 இன்னும் ஒருபடி மேலே போய், காதைத் தொடாமல் பக்கத்தில் கதவுபோலத் திறந்து நிற்கும். இப்போது தயாரிப்பில் இல்லை. பெட்டியில் ‘7.1’ (சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் வைத்தது போன்ற ஒலி) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே காதுக்கு ஒரே டிரைவர், மீதி மென்பொருளின் கைவேலை.

கேள்வி: கிராஸ்ஃபீட் போட்டால் சரியாகும் என்கிறார்களே, எவ்வளவு வைப்பது?

பதில்: புது ஹெட்போன் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இதுதான். ஒரு பக்க ஒலியில் கொஞ்சத்தை, கீச்சைக் குறைத்து, மறு பக்கத்துக்குக் கலந்துவிடும் வடிகட்டி இது. பிஎஸ்2பி என்ற கிராஸ்ஃபீட் மென்பொருளில் 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபல் என்று தொடங்குங்கள். டிரம்ஸ் ஒரு பக்கம், குரல் மறு பக்கம் என்று பிரித்துப் பதிந்த பழைய ஸ்டீரியோ பாட்டு ஒன்றைப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கலப்பு கூடினால் எல்லாம் நடுவில் குவிந்து குழையும், அப்போது கலப்பின் அளவைக் குறையுங்கள். போனில் ஒலி சுற்றிலும் வருவதுபோலக் காட்டும் ஸ்பேஷியல் ஆடியோ ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் கூழாகிவிடும். இரு காதுகளின் இடத்தில் மைக் வைத்துப் பதிந்த பைனாரல் பதிவுகளுக்குக் கிராஸ்ஃபீட்டை அணைத்துவிடுங்கள், அவை ஹெட்போனுக்கென்றே பதிந்தவை.

இதனால் மண்டைக்குள் கேட்பது குறையும், முழுக்கப் போகாது. குரல் உண்மையாகவே எதிரே வந்து நிற்க, உங்கள் காதிலேயே மைக் வைத்து அளந்த வடிகட்டியும், தலை திரும்புவதைத் தொடரும் உணரியும் வேண்டும்.

கேள்வி: ஓபன் பேக் வாங்கினேன். பாஸ் சுத்தமாக இல்லை. பழுதா?

பதில்: பாட்டு ஓடும்போது இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். பாஸ் கூடினால் காதைச் சுற்றிய பேடு (மெத்தை) தட்டையாகிவிட்டது, அல்லது கண்ணாடிக் காம்பின் இடுக்கில் காற்று கசிகிறது. பேடை மாற்றினாலே போதும். கூடாவிட்டால் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ ஷெல்ஃப் (கீழ் ஒலிகளை மொத்தமாக உயர்த்தும் அமைப்பு) 4 டெசிபல் ஏற்றி, பிரீஆம்பை (மொத்த ஒலி அளவை) அதே 4 டெசிபல் இறக்குங்கள். இறக்க மறந்தால் உரத்த இடங்களில் கரகரக்கும். ஸ்பீக்கர் நெஞ்சில் தட்டும் அந்த அதிர்வை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதைக் கேட்பது காதல்ல, உடம்பு.