பொட்டாசியம் சிரப்பை எத்தனை நாள் குடிக்கலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் பிபியும் இருக்கின்றன. டெல்மிசார்ட்டனும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. எழுந்து நடக்கக்கூட முடியாமல் கால்கள் துவண்டுவிட்டன. மருத்துவமனையில் பொட்டாசியம் 2.8 என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மி.லி., மூன்று வேளை, ஐந்து நாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘இதைக் குடித்தால் தெம்பாக இருக்கிறது’ என்று அம்மா மூன்று வாரமாக நிறுத்தாமல் குடிக்கிறார். இப்போது குடித்ததும் வயிறு எரிகிறது என்கிறார். மாத்திரையாக மாற்றிக்கொள்ளலாமா? அல்லது இளநீரே போதுமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சிரப்பை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நாளை காலைக்குள் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) இரண்டையும் பரிசோதித்து, முடிவை அம்மாவின் டாக்டரிடம் காட்டுங்கள். படபடப்பு, மயக்கம், நாடி மெதுவாகத் துடிப்பது, மறுபடி கை கால் தளர்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கடைகளில் கிடைக்கும் வழக்கமான சிரப்பில் 15 மி.லி.க்கு 20 மில்லிமோல் (பொட்டாசியம் போன்றவற்றை மருத்துவத்தில் அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. மூன்று வேளைக்கு 60. நம் உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே, ரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் இருப்பது மொத்தமே ஏறக்குறைய 60 மில்லிமோல். அதாவது, அந்த வெளி இருப்பு முழுவதற்கும் சமமான அளவை அம்மா தினமும் சிரப்பாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். இதயத் துடிப்பைப் பாதிப்பது இந்த வெளி இருப்பின் ஏற்ற இறக்கம்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 2.8-உம் ஆபத்து, 6.5-உம் ஆபத்து.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் ஆபத்து வருவதில்லை? குடித்த பொட்டாசியத்தை இன்சுலின் முதலில் செல்களுக்குள் தள்ளிவிடும். அப்புறம் சில மணி நேரத்தில் சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இந்த இரண்டு பாதுகாப்பையும் நம்பியிருக்க முடியாது. பத்து ஆண்டு சர்க்கரை நோயில் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். டெல்மிசார்ட்டன் நல்ல மருந்து, அவருக்குத் தேவையான மருந்து. ஆனால் பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அது குறைக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளையும் இடையிடையே போட்டுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். அவையும் அதே திசையில்தான் இழுக்கும்.

சென்ற மாதம் குறைந்ததற்குக் காரணம் வேறு. குளோர்தாலிடோன் சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றும். வயிற்றுப்போக்கிலும் அது போகும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன. இப்போது வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, இழப்பு குறைந்துவிட்டது, ஆனால் சிரப் மட்டும் பழைய அளவிலேயே தொடர்கிறது. எழுதிக் கொடுத்தவர்கள் ஐந்து நாள் என்று வரம்பு வைத்தது இதனால்தான்.

தெம்பு வந்தது உண்மைதான். குறைந்த பொட்டாசியம் சரியானதும் தசைக்கு வலு திரும்பும். அது முதல் சில நாட்களிலேயே நடந்திருக்கும். அதற்குப் பிறகு குடித்ததால் கூடுதல் தெம்பு எதுவும் வராது. பொட்டாசியம் ஏறிப்போவதில் இன்னொரு தொல்லை, பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களின் ஈசிஜி மாறியிருக்கும். அதனால் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து இந்த மருந்தைத் தொடரவோ நிறுத்தவோ கூடாது. ரத்தப் பரிசோதனைதான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், பொட்டாசியம் மருந்து எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் மறுபரிசோதனைத் தேதியும் இருக்க வேண்டும். எழுதியிருக்காவிட்டால் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.

முடிவு வந்தபின் இன்னும் குறைவாகவே இருந்தால் டாக்டர் மருந்தைத் தொடரச் சொல்லலாம். அப்போது உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதில் உதவும்.

வயிறு எரிவதற்கு முக்கியக் காரணம் சிரப்பை அப்படியே குடிப்பதுதான். ஒவ்வொரு வேளை அளவையும் குறைந்தது அரை டம்ளர் குளிர்ந்த நீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின், ஐந்து பத்து நிமிடம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஒரு வேளைக்கு 20 மில்லிமோலுக்கு மேல் வேண்டாம். விட்டுப்போன வேளையைச் சேர்த்து இரட்டிப்பாகக் குடிக்கவும் கூடாது.

மாத்திரை நாக்குக்குச் சுலபம், ஆனால் வயிற்றுக்குக் கூடுதல் பத்திரம் என்று சொல்ல முடியாது. மெதுவாகக் கரையும் 600 மி.கி. மாத்திரை ஒன்றில் 8 மில்லிமோல்தான் இருக்கும். அதைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரோடு முழுதாக விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகிவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மாத்திரை சரிப்படாது. மலத்தில் மாத்திரையின் மேல்கூடு மட்டும் தெரிந்தால் கவலை வேண்டாம், மருந்து கரைந்துவிட்டது. மலம் கறுப்பாகப் போனாலோ வயிற்றுவலி கடுமையாக இருந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சிரப் ஒழுங்காகக் குடித்தும் பொட்டாசியம் ஏறாதவர்களுக்கு மக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காது. வயிற்றுப்போக்கு, குளோர்தாலிடோன், ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் பான்டோப்ரசோல் போன்ற அமில மாத்திரைகள், மூன்றுமே மக்னீசியத்தைக் குறைக்கக்கூடியவை.

சரி, இளநீர். ஒன்றில் ஏறக்குறைய 500 மி.கி. பொட்டாசியம் இருக்கலாம், காய்க்குக் காய் மாறும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மி.கி. உங்கள் சிரப் ஒரு வேளைக்கு 780 மி.கி. ஆக, 2.8 என்ற நிலையில் இளநீரை மட்டும் நம்பியிருந்தால் போதாது. மேலும், குளோர்தாலிடோன் பொட்டாசியத்தோடு குளோரைடையும் கொண்டுபோகிறது. அதை ஈடுகட்டப் பழங்களைவிடப் பொட்டாசியம் குளோரைடுதான் பொருத்தம். அளவு சரியானபின், குறையாமல் பார்த்துக்கொள்வதற்குக் கீரை, பருப்பு, பழம் உள்ள வழக்கமான சாப்பாடே பலருக்குப் போதும். ஆனால் நாளைய முடிவில் பொட்டாசியம் அதிகம் என்று வந்தால், இளநீரும் வேண்டாம்.

வீட்டில் பிபிக்கு நல்லது என்று ‘குறைந்த சோடியம்’ உப்பு வாங்கியிருக்கிறீர்களா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்த்திருப்பார்கள். பொதுவாகப் பெரியவர்களுக்கு அது நல்லதுதான். உலக சுகாதார நிறுவனமே 2025-இல் அதைப் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. கிரியாட்டினின் தெரியும்வரை அம்மா சாதா உப்பையே அளவாகச் சேர்த்துக்கொள்ளட்டும். சிறுநீரகக் கல்லுக்கு யாராவது பொட்டாசியம் சிட்ரேட் சிரப் கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூட வேண்டாம். அதனால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். ஆனால் 6-க்கு மேல் வந்தால், பரிசோதனைக் கோளாறாக இருக்கும் என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்யாதீர்கள். ஈசிஜி எடுத்துக்கொண்டு மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்போது இன்னொன்றும் பேசிவிடுங்கள். மறுபடி வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், முதல் நாளே ஓஆர்எஸ் தொடங்கிவிடலாம். ஒரு லிட்டர் கரைசலில் 20 மில்லிமோல் பொட்டாசியம் இருப்பதால், போகிறதில் ஒரு பங்கு கூடவே திரும்பிவிடும். ஆனால் அந்த நாட்களில் இந்த பிபி மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.