இருபது பாட்டுகளுக்குள் அடங்காத க்ரீடென்ஸ்: பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

அமெரிக்க ராக் குழுவான க்ரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலின் பதிவுகளைப் பற்றிப் பெங்களூருவிலிருந்து பல கேள்விகள் வந்திருப்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: என் அப்பா ‘கிரானிக்கிள்’ என்னும் தொகுப்பைக் கேசட்டில் வைத்திருந்தார். அதிலுள்ள இருபது பாட்டுகளும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் குழுவை முழுமையாகக் கேட்டுவிட்டோம் என்று சொல்லலாமா? இல்லையென்றால் எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது? (வாசகி, அல்சூர்)

பதில்: சொல்ல முடியாது என்பதே என் உறுதியான கருத்து. குழு கலைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1976இல், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான ஃபேன்டஸி வெற்றி பெற்ற பாட்டுகளைக் கோத்து வெளியிட்ட தொகுப்பு அது. ஒரு பாட்டுகூடச் சோடை போகவில்லை என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. ஆயினும் 1968 முதல் 1972 வரை அக்குழு வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் ஏழு. அந்த ஏழிலிருந்து பாட்டுகள் எப்படி எடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 1970இல் வந்த ‘காஸ்மோஸ் ஃபேக்டரி’யிலிருந்து மட்டும் ஏழு பாட்டுகள் இடம்பெற, 1969 ஜனவரியில் வந்த ‘பேயூ கன்ட்ரி’யிலிருந்து ‘பிரவுட் மேரி’ ஒன்றே ஒன்றுதான் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த ஆல்பத்தைத் தொடங்கி வைக்கும் ‘பார்ன் ஆன் தி பேயூ’ இதில் இல்லை. மெதுவாக அதிர்ந்துகொண்டே இருக்கும் கிட்டாரும், அவசரமே இல்லாமல் நடைபோடும் டிரம்ஸும், நெஞ்சுக்கூட்டிலிருந்து கிழித்துக்கொண்டு வரும் குரலுமாக, இந்தக் குழுவின் தனித்தன்மை முதன்முதலில் முழுதாக வெளிப்பட்ட பாட்டு அதுதான் என்பேன்.

விட்டுப்போனவை ஒருபுறம் இருக்க, வெட்டப்பட்டவையும் உண்டு. முதல் ஆல்பத்தில் எட்டரை நிமிடம் ஓடும் ‘சூசி கியூ’வின் ஏறக்குறையப் பாதியைத்தான் நீங்கள் கேசட்டில் கேட்டிருக்கிறீர்கள். ‘காஸ்மோஸ் ஃபேக்டரி’யில் பதினொரு நிமிடம் நீளும் ‘ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ தொகுப்பில் நான்கு நிமிடத்துக்குள் சுருங்கிவிடுகிறது. ஒரே தாளத்தின்மேல் நின்றபடி கிட்டார் மெல்ல மெல்ல விரிந்து செல்வதைக் கேட்பதற்காகவே உண்டான பதிவு அது. கச்சேரியில் ராக ஆலாபனையைப் பாதியில் நிறுத்தச் சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது இந்தச் சுருக்கம்.

‘கிரீன் ரிவர்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். 1969 ஆகஸ்டில் வெளியான அதில், உங்களுக்குப் பழக்கமான ‘பேட் மூன் ரைசிங்’, ‘லோடை’ ஆகியவற்றோடு, நீங்கள் கேட்டிராத ‘ரோட் எ சாங் ஃபார் எவ்ரிஒன்’ இருக்கிறது. ஊருக்கெல்லாம் பாட்டு எழுதிய ஒருவனுக்குத் தன் வீட்டாரிடம் பேச முடியாமற்போன துயரத்தை, குரலை உயர்த்தாமல், நிதானமாகச் சொல்லும் பாட்டு. அதைக் கேட்டுவிட்டு, பின்னோக்கிப் ‘பேயூ கன்ட்ரி’க்கும், முன்னோக்கி ‘வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்’ ஆல்பத்துக்கும் செல்லலாம்.

கேள்வி: சதுப்பு நிலம், ஆற்றுப் படகு, லூசியானா என்றே பாடுகிறார்களே, இவர்கள் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்தவர்களா? (வாசகர், ராமமூர்த்தி நகர்)

பதில்: இல்லை. பாட்டுகளை எழுதிப் பாடிய ஜான் ஃபோகெர்ட்டி, அவருடைய அண்ணன் டாம் ஃபோகெர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் ஆகிய நால்வருமே கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள எல் செரிட்டோவில் வளர்ந்தவர்கள். அந்தத் தெற்கு, ஜான் சிறுவயதில் கேட்ட மெம்பிஸ் நகர இசைத்தட்டுகளிலிருந்தும் லிட்டில் ரிச்சர்ட் போன்றோரின் பாட்டுகளிலிருந்தும் அவர் மனத்தில் கட்டிக்கொண்ட நாடு. ‘கிரீன் ரிவர்’ பாட்டில் வரும் ஆறுகூட, குடும்பத்தோடு அவர் விடுமுறைக்குச் சென்ற கலிபோர்னியாவின் பூட்டா கிரீக் என்னும் ஓடைதான். பெயரை மட்டும் ஒரு குளிர்பானத்தின் லேபிளிலிருந்து எடுத்துக்கொண்டார். இதைப் போலித்தனம் என்று கருத வேண்டியதில்லை. காதால் கேட்டுப் பழகிய நிலத்தைப் பற்றி இத்தனை உறுதியோடு பாடுவதற்கு, அந்த இசையின்மீது மிகுந்த பக்தி வேண்டும்.

கேள்வி: ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள் வெளியிட்டதாகப் படித்தேன். அது எப்படி முடிந்தது? தரம் குறையவில்லையா? (வாசகி, ஜீவன்பீமா நகர்)

பதில்: முடிந்தது, தரமும் குறையவில்லை. ‘பேயூ கன்ட்ரி’, ‘கிரீன் ரிவர்’, ‘வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்’ மூன்றும் 1969இல் வந்தவை. முதற்காரணம் பயிற்சி. பள்ளி நாட்களிலிருந்து ஒன்றாக வாசித்து, ‘கோலிவாக்ஸ்’ என்ற பெயரில் யாரும் கவனிக்காத சிங்கிள்களை வெளியிட்டு, ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைத்த பிறகே அவர்களுக்குப் புகழ் கிடைத்தது. ஸ்டூடியோவுக்குள் நுழையும் முன்பே பாட்டு விரல்களில் படிந்துவிடும் அளவுக்கு ஒத்திகை பார்த்ததால், நால்வரும் சேர்ந்து வாத்தியப் பகுதியை விரைவாகப் பதிவு செய்துவிட முடிந்தது.

இரண்டாவது காரணம் ஜான் ஃபோகெர்ட்டியின் தனி ஆளுகை. எழுதியவர், பாடியவர், முன்னணிக் கிட்டார் வாசித்தவர், தயாரித்தவர், இசையமைப்பை வகுத்தவர் எல்லாம் அவரே. ‘பிரவுட் மேரி’யில் மற்றவர்கள் பாடிய பின்னணிக் குரல்கள் திருப்தி தராததால், அவற்றை நீக்கிவிட்டுத் தாமே பாடிச் சேர்த்தார். பதிவு சிறந்தது என்பது உண்மை. ஆனால் உடன் வளர்ந்த மூன்று பேரின் மனத்தில் அது என்ன செய்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வேகத்துக்கு உரமாக இருந்த அதே ஆளுகைதான், 1971இன் தொடக்கத்தில் டாம் விலகிச் செல்லவும் வழி வகுத்தது. அவர் பங்கேற்ற கடைசி ஆல்பம் 1970 டிசம்பரில் வந்த ‘பெண்டுலம்’. ஆர்கனும் சாக்ஸஃபோனும் நிறைந்த அந்த ஆல்பத்திலுள்ள ‘ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்’, குழுவுக்குள் மூண்டிருந்த மனக்கசப்பைப் பற்றியது என்று ஜானே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: கடைசி ஆல்பமான ‘மார்டி கிரா’வை வாங்கலாமா? (வாசகர், அல்சூர்)

பதில்: முதல் ஆறையும் கேட்ட பிறகு வாங்குங்கள். 1972இல் மூவராகப் பதிவு செய்த அதில், பத்துப் பாட்டுகளில் ஆறு குக்கும் கிளிஃபர்டும் எழுதிப் பாடியவை. அந்தப் பங்கீடு யாருடைய விருப்பம் என்பதில் இரு தரப்பும் வெவ்வேறாகச் சொல்கின்றன. அதுவரை பாட வாய்ப்பே அளிக்கப்படாத இருவரிடம் திடீரென்று பாதிக்கு மேற்பட்ட ஆல்பத்தை ஒப்படைத்தால் விளைவு எப்படி இருக்கும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஜான் எழுதிய ‘சம்டே நெவர் கம்ஸ்’ ஒன்றுக்காகவே அதைக் கேட்கலாம். தந்தை தனக்குச் சொன்ன பொய்யான ஆறுதலைத் தானும் மகனிடம் சொல்ல நேர்கிற ஒருவனின் பாட்டு அது. அதே ஆண்டு அக்டோபரில் குழு கலைந்தது.

கேள்வி: நான் வழக்கறிஞர். இக்குழுவின் ஒரு பாட்டுக்காக ஜான் ஃபோகெர்ட்டி தம்மையே நகலெடுத்தார் என்று வழக்கு நடந்ததாமே? (வாசகர், ஃப்ரேசர் டவுன்)

பதில்: உண்மைதான். 1984 டிசம்பரில் அவர் தனியாக வெளியிட்ட ‘தி ஓல்டு மேன் டவுன் தி ரோடு’, குழுவின் ‘ரன் த்ரூ தி ஜங்கிள்’ பாட்டை ஒத்திருப்பதாக, அதன் உரிமையை வைத்திருந்த ஃபேன்டஸி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அவர் கிட்டாருடன் சாட்சிக் கூண்டில் ஏறி, தம் பாட்டு எப்படி உருவாகிறது என்று வாசித்துக் காட்டினார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவு பற்றிய பகுதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1994இல் அங்கும் அவருக்குச் சாதகமாக முடிந்தது. இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே கையெழுத்து என்பது விளங்கும், ஒரே பாட்டு அல்ல என்பதும் விளங்கும்.

கேள்வி: சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் ‘தி ராயல் ஆல்பர்ட் ஹால் கான்சர்ட்’ என்ற எல்.பி. பார்த்தேன். லண்டன் கச்சேரிதானா? (வாசகி, இந்திரா நகர்)

பதில்: 1980இல் அச்சான பதிப்பாக இருந்தால், அது லண்டன் கச்சேரி அல்ல. அதிலிருப்பது 1970 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பதிவான கச்சேரி. தவறு தெரிந்ததும் நிறுவனம் அதன் பெயரை ‘தி கான்சர்ட்’ என்று மாற்றியது. உண்மையான லண்டன் கச்சேரி 1970 ஏப்ரலில் நடந்தது. அதன் பதிவு 2022இல்தான் வெளிவந்தது. உறை கிழியாமல், தட்டில் ஆழமான கீறல் இல்லாமல் இருந்தால், பழையதை வாங்கத் தயங்க வேண்டாம். நால்வரும் ஒன்றாக இருந்த காலத்து மேடை வாசிப்பு என்பதால், மூவராகச் சென்ற பயணத்தில் பதிவாகி 1973இல் வந்த ‘லைவ் இன் யூரோப்’பைக் காட்டிலும் இது எவ்வளவோ மேலானது.