விடைத்தாள் நகலை முதலில் வாங்குங்கள்

ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியிலிருந்து போன் செய்த அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூவில் மகன் இயற்பியலில் மட்டும் தவறிவிட்டான், இரண்டு நாளாக அறையை விட்டு வரவில்லை, அக்கம்பக்கத்தார் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றீர்கள். மதிப்பெண்ணைவிட அந்தக் காய்ச்சல்தான் எனக்குக் கவலை. வாசலில் நீங்கள் சொன்னது உள்ளே அவன் காதிலும் விழுந்திருக்கும். வெளியே சொல்லக்கூடாத காரியம் செய்துவிட்டோம் என்றுதான் அவனுக்குப் பட்டிருக்கும்.

கைலா ஹைமோவிட்ஸ், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிவு வளரும் என்று பெற்றோர் மனதுக்குள் நம்புகிறார்களா என்பது பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் தோல்வியைக் கண்டு பதறுகிறார்களா, அதிலிருந்து கற்க ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்களா என்பது தெரிந்துவிடுகிறது. பதறும் பெற்றோரின் பிள்ளைகளிடம் ‘என் மூளை இவ்வளவுதான்’ என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. ‘உனக்கு இயற்பியல் வராதுடா, விடு கண்ணு’ என்று பாசத்தோடு சொல்வதும் அந்தப் பதற்றத்தில்தான் சேரும்.

நீங்கள் கேரட் போடுகிறவர்கள். ஜனவரிப் பனியில் ஒரு பாத்தி கருகினால் எனக்கு விவசாயமே வராது என்று முடங்குவீர்களா? பள்ளத்துப் பாத்தியா, விதைப்பு தள்ளிப்போனதா, விடியுமுன் தண்ணீர் தெளித்திருக்கலாமா என்று போய்ப் பார்ப்பீர்கள். அவன் விடைத்தாளையும் அதே கண்ணால் பாருங்கள்.

நகலுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். தேதியை இன்றே பள்ளியில் கேளுங்கள். மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்கும் அதுதான் முதல் படி. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15, மொத்தத்தில் 35 வந்தால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் கேள்விகளே 15 இருக்கின்றன. அவை போனதா, ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு நேரம் போதவில்லையா, கணக்குகளைத் தொடவே பயந்தானா? தாளில் தெரிந்துவிடும். ‘ஏன் ஃபெயிலானே?’ என்று கேட்டால் அவனால் அழத்தான் முடியும். ‘எந்தக் கேள்வியில நின்னு போச்சு?’ என்று கேளுங்கள். முதல் நாள் பேசமாட்டான். சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும்.

துணைத் தேர்வு இந்த ஆண்டே வரும், தவறிய பாடத்தை மட்டும் எழுதலாம். ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு போகலாம் என்பதும் உண்மை. ஆனால் ‘இனி உனக்கு ஐடிஐதான்’ என்று தண்டனைபோல மட்டும் சொல்லிவிடாதீர்கள். எலக்ட்ரீசியன் வேலையை மதித்துச் சேருகிற பையனும், தோற்றவன் என்ற பட்டத்தோடு சேருகிற பையனும் ஒரே வகுப்பில் இருந்தாலும் ஒன்றுபோலக் கற்பதில்லை.

ஒன்றே ஒன்றில் தாமதிக்க வேண்டாம். ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தாலும் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சனிக்கிழமை என்னைப் பார்க்க ஊட்டிக்கு வரும்போது நகல் கைக்கு வராவிட்டாலும் வினாத்தாளை அவனே எடுத்து வரட்டும். அவன் அப்பாவையும் கூட்டி வாருங்கள். போனில் பின்னால் கேட்ட அவர் குரலும் உடைந்திருந்தது.