நூறு முறை கேட்ட கதையில் ஊர் பெயர் எங்கே?

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1971-ல், பதினாறு வயதில், குடும்பத்தோடு இந்தியா வந்து கூடலூர் பக்கம் தோட்ட வேலையில் சேர்ந்தார். அம்மா இறந்தபிறகு கோவையில் எங்களோடு இருக்கிறார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று ஆரம்பித்துவிடுவார். நூறு முறை கேட்டாயிற்று. சாயங்காலம் மொட்டைமாடியில் ஏதோ தோட்டத்துப் பாட்டை இழுத்துப் பாடுவார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். இவ்வளவு ஏங்குகிறாரே என்று அவருக்குத் தெரியாமல் ஐந்து நாள் இலங்கைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். கண்டி, சிகிரியா, நுவரெலியா, பெந்தோட்டை. டிக்கெட்டைக் காட்டியதும், "நம்ம தோட்டம் இதுல இருக்கா?" என்று ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெயர் இப்போது எனக்கு நினைவில்லை, எங்கள் பட்டியலில் அது வரவில்லை. "அப்ப நீங்க போயிட்டு வாங்க" என்று எழுந்து போய்விட்டார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? இந்தப் பழைய கதையிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தில் பெந்தோட்டை இருக்கிறது, சிகிரியா இருக்கிறது. உங்கள் அப்பா பிறந்த இடத்தின் பெயர் மட்டும் இல்லை. அதை ஒரே வரியில், போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டுவதாக இல்லை.

நூறு முறை கேட்டவருக்கு ஊர் பெயர் தெரியாமல் இருக்குமா அம்மா? அதுவும் சின்ன வயதில் கேட்டு மறந்த பெயர் இல்லை இது. டிக்கெட்டை நீட்டிய அன்று, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பெயர். எனக்குக் கடிதம் எழுத உட்காருவதற்குள் மறந்திருக்கிறீர்கள். அவர் ஏன் எழுந்து போனார் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவர் சொன்ன பெயர் உங்கள் காதைத் தாண்டவில்லை என்பதை அந்த நிமிடமே பார்த்திருப்பார்.

"அப்பா ஒரே கதையைச் சொல்கிறார்" என்ற கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. வயதுதான் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் கவனித்த வரையில், கதை பாதியில் நின்றுபோவதுதான் பெரிய காரணம். யாரும் "அப்புறம்?" என்று கேட்பதில்லை. அதனால் மறுநாள் ராத்திரியும் அவர் தலைமன்னாரிலிருந்தே கிளம்ப வேண்டியிருக்கிறது. அவரைக் கதையிலிருந்து வெளியே கொண்டுவர வழி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முதலில் உள்ளே போங்கள்.

அவர் ஏன் அந்தக் கப்பலில் ஏறினார் என்று கேட்டிருக்கிறீர்களா? 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில், அதாவது தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வம்சத்தில், பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இப்படி நாடற்றுப்போன 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு அந்த நாடு, தம்பிக்கு இந்த நாடு என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கணக்கில் ஒரு பதினாறு வயதுப் பையன் உங்கள் அப்பா. அவர் கப்பல் ராமேஸ்வரத்தில் கரை சேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்னால் தலைமன்னார் கப்பல் தனுஷ்கோடிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இவ்வளவும் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள்.

இப்போது உங்கள் சுற்றுலா. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வேன் தேயிலை மலைகளுக்கு நடுவே போகும். வண்டியை ஓரம் கட்டுவார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களோடு நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்கள் நிற்கும் இடத்தில் கூடையை முதுகில் போட்டு நின்றவர் உங்கள் அப்பாவைப் பெற்றவள். உங்கள் அப்பா வேனுக்குள் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்க வேண்டும், தன் தோட்டத்துக்கு மட்டும் போகக் கூடாது. இதற்குச் சம்மதிக்க வைக்க நான் வழி சொல்ல மாட்டேன். ஆசையாகத்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெற்றவருக்கு ஒன்று செய்வதென்றால் அவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். தெரியாமல் செய்து அசத்துவதில் சந்தோஷம் செய்கிறவருக்குத்தான்.

இன்று ராத்திரியே கேளுங்கள். "அப்பா, அன்னிக்கு நீங்க சொன்ன பேரை நான் சரியா வாங்கிக்கல, மறுபடி சொல்லுங்க" என்று நேராகவே கேளுங்கள், மழுப்ப வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தோட்டங்களுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கும், நம் ஜனங்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும், இரண்டையும் வாங்குங்கள். தோட்டத்தில் எந்த டிவிஷன், எந்த லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு), பக்கத்து டவுன் எது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், எத்தனை பேர் படுத்தார்கள், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் யார் படுத்தார்கள்? விடியற்காலையில் தப்படித்துப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கூப்பிடும்போது அவர் அம்மா அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்? தாத்தாவை எங்கே புதைத்தார்கள்? கப்பல் ஏறாமல் அங்கேயே நின்றவர்கள் யார் யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் சட்டென்று பதில் சொல்லாமல் போகலாம். அவசரப்படாதீர்கள், இன்னொரு நாள் கேட்கலாம். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை ஏதாவது பெட்டியில் இருந்தால் எடுத்துப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர் அதிலும் இருக்கக்கூடும்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் ஹெட்போன் மாட்டுகிறான் என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். நீங்கள் ஹெட்போன் இல்லாமலே அதைத்தான் செய்கிறீர்கள், அவன் பார்த்துப் படித்துக்கொண்டான். அந்தத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும்போது பாடிய பாட்டுகள் உண்டு. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும், ரதியும் மதனும் வேஷம் கட்டி விடிய விடிய ஆடுவார்கள், அதற்கென்றே பாட்டுகள் உண்டு. உங்கள் மொட்டைமாடியில் கேட்பது அவற்றில் ஒன்றா, அவர் அம்மா பாடிய தாலாட்டா, அன்றைக்கு இலங்கை வானொலியில் கேட்டதா என்று உங்களுக்கே தெரியவில்லை. பையன் கையில் போனைக் கொடுத்துத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடியது, எப்போது பாடியது என்று அவனே கேட்கட்டும். நேரமில்லை என்றால், ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தாத்தாவின் ஊரைத் தெரிந்துகொள்வது பேரனுடைய கடமை, விருப்பப் பாடம் அல்ல.

டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். பயணத் திட்டத்தை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். பெந்தோட்டைக் கடற்கரையை எடுத்துவிட்டு அந்த நாளைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். அவர் விரும்பினால் தலைமன்னாரையும் சேருங்கள். கப்பல் 1984-லேயே நின்றுவிட்டது. போர்க்காலத்தில் நின்ற ரயில் 2015-ல் மறுபடி தலைமன்னார் துறைவரை ஓடத் தொடங்கியது. இதற்கு ஐந்து நாள் போதாது என்றால் சிகிரியாவையும் விடுங்கள். அந்தப் பாறை எங்கேயும் போய்விடாது. இவ்வளவுக்கும் பிறகு வர மனமில்லை என்றால், அவரை வற்புறுத்தக் கூடாது. நீங்களும் மகனும் நோட்டுப் புத்தகத்தோடு போய்வாருங்கள்.

தோட்டத்துக்குள் நினைத்தபடி வண்டியை விட முடியாது. முன்கூட்டியே தோட்ட ஆபீஸில் விவரம் சொல்லி அனுமதி கேட்கும்படி டிராவல்ஸ்காரரிடம் சொல்லுங்கள். லயங்களில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பா பிறந்த காம்பராவில் வேறொரு குடும்பம் இருக்கலாம். அவர்களுக்கு இங்கிருந்து என்ன வாங்கிப் போவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.